வீட்டில் கட்டும் நீர்மூழ்கிக்கு எந்த வெல்டிங், எந்த மெஷின்?

நீர்க்காக்கை

வணக்கம். இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய நீர்மூழ்கி ஒன்றைக் கட்டத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். உள்ளே சாதாரணக் காற்றழுத்தம் இருக்கும். 60 மீட்டர் ஆழம் போதும். அழுத்தக் கூடு 1 மீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள உருளை. இரு முனைகளிலும் அரைக்கோளக் கிண்ணங்கள், மேலே ஏறி இறங்க ஒரு கோபுரம். தகடு 10 மி.மீ., ஏ 516 கிரேடு 70 என்ற அழுத்தக் கலன் எஃகு. உள்ளே விலா வளையங்கள் வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கையில் இருப்பது ராடு வைத்து ஒட்டும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின். இரும்புச் சட்டங்கள், கதவுகள், ஒரு டிரெய்லர் வரை செய்திருக்கிறேன். இந்த வேலைக்காகக் கம்பி தானாக ஓடிவரும் மிக் மெஷின் வாங்க வேண்டுமா, டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரிக்கும் டிக் கற்றுக்கொள்ள வேண்டுமா, அல்லது இருப்பதே போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுருள்கம்பி

யோசிக்கவே வேண்டாம் நண்பரே, மிக் வாங்குங்கள். கசடு தட்டும் வேலை இல்லை. ராடு மாற்ற நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. வரி அழகாக விழும். பத்து மி.மீ. தகட்டை நான் தினமும் மிக்கில்தான் ஒட்டுகிறேன். தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி எல்லாம் செய்திருக்கிறேன், ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. 75 விழுக்காடு ஆர்கான், 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலவையும் நல்ல கம்பியும் இருந்தால் வேறென்ன வேண்டும்?

பழம்பட்டறை

தொட்டியும் நீர்மூழ்கியும் ஒன்றல்ல தம்பி. தொட்டி கசிந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.

அழுத்தக் கலன் பட்டறைகளிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். மிக் கெட்ட முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறிய மெஷினில் 75/25 வாயு போட்டு ஓட்டும்போது உலோகம் ‘ஷார்ட் சர்க்யூட்’ முறையில், தகட்டைத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது. சூடு குறைவு. மெல்லிய தகட்டில் அதுவே வரம். தடித்த தகட்டில் மேலே அழகான வரி படுத்திருக்கும், அடியில் தகடு உருகியே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி, பல வெல்டிங் முறைகளைத் தனிச் சோதனை இல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. ஷார்ட் சர்க்யூட் மிக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. காரணம் இந்த உருகாமைதான்.

பெரிய மெஷினில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆர்கான் வைத்து ‘ஸ்பிரே’ முறையில் ஓட்டினால் நன்றாக உருகும். ஆனால் உருகிய உலோகக் குட்டை பெரியது, நீர் மாதிரி ஓடும். தகடு படுக்கையாக இருந்தால்தான் கட்டுப்படும்.

நீர்க்காக்கைத் தம்பிக்கு என் பதில்: உங்களிடம் உள்ள ஆர்க் மெஷின் நேர்மின்னோட்டம் தருகிறது அல்லவா? இ 7018 ராடு வாங்குங்கள், அதில் கை தேறுங்கள். மிக்குக்கு ஒதுக்கிய பணத்தை வேறு சாமான்களுக்குச் செலவிடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சுருள்கம்பி

ஐயா, 7018 நல்ல ராடுதான். ஆனால் ஒவ்வொரு ராடு முடிவிலும் ஒரு நிறுத்தம், ஒரு தொடக்கம். குறை ஒளிந்துகொள்வது அங்கேதானே? ஒரு மீட்டர் விட்டத்தில் சுற்றளவு மூன்று மீட்டருக்கு மேல். ஒரு வரிக்கு எத்தனை நிறுத்தம் என்று எண்ணிப் பாருங்கள்.

பழம்பட்டறை

அது நியாயமான பேச்சு. ஒவ்வொரு நிறுத்தத்தையும் கிரைண்டரால் சரிவாக இழைத்துவிட்டுத்தான் அடுத்த ராடைத் தொடங்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் குறை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. மிக்கில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

வட்டமானி

எந்த மெஷின் என்று பேசுவதற்கு முன் கூடு எப்படி உடையும் என்று பார்த்துவிடலாம். வெல்டிங் தேர்வே அதிலிருந்துதான் வர வேண்டும்.

கடலில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் என்று வைத்துக்கொண்டால் 60 மீட்டரில் 6 பார், அதாவது 0.6 மெகாபாஸ்கல். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் சுற்றுத் தகைவு, அதாவது கூட்டின் சுற்றில் தகடு தாங்கும் சுமை, கிடைக்கும்: 0.6 × 500 ÷ 10 = 30 மெகாபாஸ்கல். உங்கள் தகடு 260 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ‘எட்டு மடங்கு பாதுகாப்பு’ என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

ஆனால் வெளி அழுத்தத்தில் கூடு நசுங்கிச் சாவது பெரும்பாலும் வலிமைக் குறைவால் அல்ல, வட்டம் குலைவதால். முனைகளின் தாங்கல் எட்டாத மிக நீண்ட குழாய் என்றால், இதே 10 மி.மீ. தகடு, இதே ஒரு மீட்டர் விட்டம், கோட்பாட்டின்படி 0.44 மெகாபாஸ்கலில் நெளிந்துவிடும். அதாவது 44 மீட்டர். அந்த ஆழத்தில் சுற்றுத் தகைவு வெறும் 22 மெகாபாஸ்கல். உங்கள் உருளை 2.5 மீட்டர்தான், கிண்ணங்கள் தாங்கும் என்பதால் கோட்பாட்டு எண் 200 மீட்டரைத் தாண்டும். 400 மி.மீ. இடைவெளியில் விலா வளையம் வைத்தால் வளையங்களுக்கு நடுவே தகடு நெளியும் எண் இன்னும் பல மடங்கு உயரும். அப்போது தகடு நெளிவதற்கு முன் தன் வலிமை எல்லையைத் தொடும். எந்தக் கூட்டுக்கும் நாம் விரும்புவது அந்த நிலையைத்தான்.

இந்த எண்கள் எல்லாம் கூடு பிழையற்ற வட்டமாக இருந்தால் மட்டும். வட்டம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அதே நீண்ட குழாயை 20 மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுத் தகைவு 10 மெகாபாஸ்கல். குழாயின் ஆரம் 10 மி.மீ. பிசகி முட்டை வடிவமாகியிருந்தால் அதன்மேல் வளைவுத் தகைவு மட்டும் சுமார் 110 மெகாபாஸ்கல் சேர்கிறது. பதினோரு மடங்கு! கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதிகளில் ஆரத்தின் 0.5 விழுக்காடு என்ற வரம்பு வருவது இதனால்தான். உங்களுக்கு அது 2.5 மி.மீ.

ஆக, வட்டத்தைக் குலைக்காத வெல்டிங் முறைதான் உங்களுக்கு நல்ல முறை. எல்லா வெல்டிங்கும் இழுக்கும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது சூட்டையும் வரிசையையும் பொறுத்தது.

விலா வளையம் கட்டாயம் வையுங்கள், முடிந்தால் உட்புறம். உள்ளே இருந்தால் கடல் தகட்டை வளையத்தின் மேல் அழுத்தும், வெல்டுக்குச் சுமை குறைவு. வெளியே வைத்தால் தகடு வளையத்திலிருந்து விலகப் பார்க்கும், அப்போது மூலையில் வைக்கும் அந்த ஃபில்லெட் வெல்டுதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இடம் போதாமல் வெளியே வைப்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த வெல்டை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நீர்க்காக்கை

வட்டமானி அண்ணா, மிக்க நன்றி. வலிமை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், வளையம் வைப்பது முடிவாகிவிட்டது. இழுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது? இணைப்பு விளிம்பை எப்படிச் சீவுவது?

பழம்பட்டறை

முதலில் உருட்டும் இடத்தில் கவனம். உருளை மெஷினில் தகட்டின் இரு ஓரங்களும் கடைசிச் சாணளவு வளையாமல் தட்டையாகவே நிற்கும். அப்படியே சேர்த்து ஒட்டினால் நீள இணைப்பு வீட்டுக் கூரை முகடு மாதிரி கூர்ந்து நிற்கும். ஓரத்தை முன்கூட்டியே வளைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது தகட்டை நீளமாக எடுத்து உருட்டிய பின் தட்டை ஓரத்தை வெட்டி எறியுங்கள்.

விளிம்பு: உள்ளேயும் வெளியேயும் ஆள் போக முடிகிற இடங்களில் இரட்டை ‘வி’. ஒரு பக்கம் சில வரி, மறுபக்கத்தை நல்ல உலோகம் தெரியும் வரை கிரைண்டரால் தோண்டிவிட்டு அங்கே சில வரி, மீண்டும் இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் கூரை முகடு வராது. ஒரே பக்கத்தில் ‘வி’ வைத்து எல்லா வரியையும் அங்கேயே நிரப்பினால் தகடு அந்தப் பக்கமாக மடங்கும். பிறகு சுத்தியலால் அடித்து வட்டமாக்க முடியாது.

விலா வளையங்களைச் சுற்று வெல்டுக்கு முன்பே சிறு பொட்டு வெல்டுகளாக டேக் வைத்து நிறுத்துங்கள், அவையே வட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். வளைய ஃபில்லெட்டை ஒரே ஓட்டமாகச் சுற்றக் கூடாது. எதிரெதிர்க் கால்வட்டங்களாக, சிறு சிறு துண்டாக, முன்னே போய்ப் பின்னோக்கி வரும் முறையில் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மர அச்சு ஒன்றை வைத்து ஆரத்தை அளந்துகொள்ளுங்கள். நீள இணைப்புகள் இரண்டு ஒரே கோட்டில் வரக் கூடாது. சாளரத்துக்கோ குழாய்க்கோ துளையிடும் இடம் எந்த இணைப்பின் மேலும் விழக் கூடாது.

மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தைப் பற்றிச் சொன்னேனே, அதில் முதலில் சுழலும் உருளைத் தாங்கி செய்துகொள்ளுங்கள். நான்கு சக்கரம், மெதுவான மோட்டார் ஒன்று போதும். கூட்டையே சுழற்றினால் எல்லாச் சுற்று வெல்டும் உங்கள் முன்னால் படுக்கை நிலையில் வந்து நிற்கும். தலைக்கு மேல் கை தூக்கி வைக்கிற வெல்டைவிடப் படுக்கை வெல்டு நூறு பங்கு நம்பகம். அடுத்து ராடு அடுப்பு. 7018-இன் பெருமையே, வெல்டை வெடிக்க வைக்கும் ஹைட்ரஜன் குறைவு என்பதுதான். ஈரம் குடித்த ராடில் அந்தப் பெருமை போய்விடும். பெட்டியைப் பிரித்தபின் 120 டிகிரி சுற்றளவில் சூடாக வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்த சாதாரண 7018-க்கு டி1.1 கொடுப்பது நான்கு மணி நேரம்தான். காகிதச் சுற்றோடு மூலையில் சாய்த்து வைத்த ராடு கதவுக்குத்தான் ஆகும்.

சுருள்கம்பி

இணைப்பின் அடியில் போடும் முதல் வரிக்கு, அந்த அடி ஓட்டத்துக்கு, 6010 ராடு போடலாமே ஐயா? குழாய் வேலைக்காரர்கள் எல்லாம் அதைத்தானே பிடிக்கிறார்கள். நன்றாகக் குத்தி இறங்கும்.

பழம்பட்டறை

இறங்கும். ஆனால் அதன் பூச்சு செல்லுலோஸ், ஹைட்ரஜனை அள்ளிக் கொட்டும். மறுபக்கத்தைத் தோண்டி எடுக்க முடிகிற இடத்தில் 6010 அடி ஓட்டத்துக்கு எந்த அவசியமும் இல்லை. மறுபக்கம் எட்டாத சிறு குழாய் முனைகளில், எனக்குப் பிடித்தது டிக். மெதுவான வேலை, ஆனால் குட்டை கண் முன்னே திறந்து கிடக்கும், கசடு இல்லை. இந்த இன்வெர்ட்டர் மெஷின்களில் பலவற்றில் டிக் டார்ச் மாட்டும் வசதி இருக்கிறது, கீறித் தொடங்கும் வகைதான். எஃகுக்கு அது போதும். 6013 ராடு பற்றிக் கேட்டுவிடாதீர்கள். ஊடுருவல் குறைவு, கூட்டுப் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள்.

ஒலிச்சோதனை

வெல்டுகளைச் சோதிப்பது என் தொழில். இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று: வைத்த வெல்டை எப்படிச் சோதிப்பீர்கள்?

கதிர்ப்படம் எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். கதிர்ப்படம் புரைகளையும் கசடையும் நன்றாகக் காட்டும். பழம்பட்டறை ஐயா சொன்ன ‘உருகாமை’ இருக்கிறதே, அது தாள் போல மெல்லியது. கதிர் அதன் தளத்தோடு சரியாக ஒத்துப் போகாவிட்டால் படத்தில் தெரியாமலே போகலாம். அதைப் பிடிப்பதற்கு மீயொலிச் சோதனைதான் பொருத்தம். ஆகவே மிக் பயன்படுத்தியே தீருவேன் என்பவர் மீயொலிச் சோதனைக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஆர்க்கில் வரும் குறைகளில் பெரும்பாலானவை கசடு, எந்த முறையிலும் எளிதாகச் சிக்கும்.

மேற்பரப்பு வெடிப்புகளுக்குக் காந்தத்துகள் சோதனை. ஃபில்லெட்டுகளுக்கு அதுவே சரி. வெல்டு ஆறியவுடன் செய்து முடித்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் வெடிப்பு ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் திறக்கும். இந்த எஃகிலும் இந்தத் தடிமனிலும் காய்ந்த ராடோடு வேலை செய்தால் அந்த அபாயம் குறைவுதான், இருந்தாலும் இரண்டு நாள் பொறுத்துச் சோதிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. துளையிடப் போகும் இடத்தைச் சுற்றித் தகட்டுக்குள் அடுக்குப் பிரிவு இருக்கிறதா என்றும் முன்பே மீயொலியில் பார்த்துவிடுங்கள். வாங்கும் கிண்ணங்களின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். அழுத்தி வடிவமைக்கும்போது தகடு சில இடங்களில் மெலிந்திருக்கும்.

கோபுரம் கூட்டோடு சேரும் இடம், சாளர வளையம், ஏறுவாய் வளையம், இவற்றில்தான் என் கண் முதலில் போகும். மற்ற இடங்களில் தகடு அழுத்தப்படுகிறது, வெட்டிய விளிம்புகளில் தகைவு குவிகிறது. கூர் மூலை ஒன்றுகூட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால லிபர்ட்டி கப்பல்களில் வெடிப்புகள் பல சதுரமான சரக்கு வாய்களின் மூலைகளில்தான் தொடங்கின. 1943 ஜனவரியில் ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில், துறையில் கட்டி நின்றபடியே ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. குளிர், உடையும் தன்மையுள்ள எஃகு, வெல்டு குறை மூன்றும் கைகோத்த விளைவு. ஏ 516 எஃகு அந்தக் கால எஃகைவிடப் பல படி மேல், என்றாலும் தகட்டின் சான்றிதழில் குளிர்நிலைத் தாக்கச் சோதனை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஈரக்காற்று

2023-இல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நசுங்கியதைப் பார்த்த பிறகும் இதில் இறங்க வேண்டுமா?

வட்டமானி

கேள்வி நியாயம், எடுத்துக்காட்டு வேறு. டைட்டனின் உருளை கார்பன் இழை. போன ஆழம் கிட்டத்தட்ட 3,800 மீட்டர். வகைப்பாட்டுச் சங்கம் எதுவும் அதற்குச் சான்று தரவில்லை. இங்கே பேசுவது எஃகு, 60 மீட்டர், எழுதிவைத்த விதிகள். ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வடிவமைத்த கே 250, கே 350 வகைச் சிறு நீர்மூழ்கிகளைத் தனிநபர்கள் எஃகில் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. கணக்கிட முடிகிற ஆபத்து.

ஆனால் கூட்டின் மேல் மட்டும் கண் வைத்துக் குழாய்களை மறந்துவிடக் கூடாது. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் திரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது. கடல்நீர்க் குழாய் இணைப்பு ஒன்று உடைந்திருக்கலாம் என்பதே விசாரணை மன்றத்தின் கருத்து. வெள்ளிக் கலவையால் பிரேசிங் செய்த இணைப்புகள்தான் சந்தேகத்துக்கு ஆளாயின. கூட்டைத் துளைக்கும் குழாய் ஒவ்வொன்றும் கூட்டின் தரத்தில் இருக்க வேண்டும். துளைகளைக் குறைப்பது அதைவிட நல்லது.

நீர்க்காக்கை

ஏறுவாய் வளையத்தைத் துருப்பிடிக்காத எஃகில் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அதைக் கூட்டோடு ஒட்ட முடியுமா? என் மெஷின் 200 ஆம்பியரில் 30 விழுக்காடுதான் டியூட்டி சைக்கிள், அது போதுமா என்பதும் சந்தேகம்.

பழம்பட்டறை

மெஷின் போதும். 30 விழுக்காடு என்றால் முழு 200 ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு மூன்று நிமிடம். நீங்கள் ஓட்டப் போவது 3.2 மி.மீ. ராடு, 110 முதல் 130 ஆம்பியர். அங்கே மெஷின் அதிக நேரம் தாங்கும். நீங்கள் கசடு தட்டி, கம்பித் தூரிகை போட்டு, இழைத்து முடிப்பதற்குள் அது ஆறியும் இருக்கும். நீளமான கேபிள் வேண்டுமென்றால் தடித்ததாக வாங்குங்கள். முகப்புத் திரையில் காட்டும் ஆம்பியரை நம்பாமல் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

துருப்பிடிக்காத வளையம் ஒட்டலாம், 309எல் நிரப்பு உலோகம். ஆனால் கடல்நீரில் இரு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் சாதா எஃகு அரிபடும். பூச்சும் துத்தநாகக் கட்டிகளும் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். என் விருப்பம், வளையம் கூட்டின் எஃகிலேயே இருக்கட்டும், ரப்பர் வளையம் உட்காரும் முகத்தில் மட்டும் 309எல் ஏற்றி இழைத்துக்கொள்ளலாம். எப்படியும் சாளர, ஏறுவாய் முகங்களை எல்லா வெல்டும் முடிந்த பிறகே இறுதி அளவுக்குக் கடைய வேண்டும். முன்பே கடைந்துவிட்டு ஒட்டினால் முகம் முறுக்கிக்கொள்ளும், அக்ரிலிக் சாளரம் ஒரு பக்கம் மட்டும் தாங்கப்படும். கூட்டை 600 டிகிரி சுற்றளவில் தகைவு நீக்கச் சூளைக்கு அனுப்புவதானால் அதற்கும் பிறகு. சாளரம் மாட்டியபின் பக்கத்தில் ஆர்க் அடிக்கும் பேச்சே வேண்டாம்.

சுருள்கம்பி

சரி, கூட்டை விட்டுவிட்டேன். மிதவைத் தொட்டிகள், வெளிச்சட்டம், பேட்டரிப் பெட்டித் தாங்கிகள்? அங்கேயாவது என் மிக்குக்கு இடம் உண்டா?

பழம்பட்டறை

தாராளமாக. அடியில் கடலுக்குத் திறந்த மிதவைத் தொட்டிக்கு உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். மூன்று மி.மீ. தகட்டில் 7018-ஐ வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட மிக் ஆயிரம் மடங்கு மேல். காற்றடிக்கும் இடத்தில் மட்டும் மறைப்புக் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாங்கிகளைக் கூட்டின் மேல் நேரடியாக ஒட்டும் வெல்டு கூட்டின் வெல்டுதான். அங்கே மறுபடி 7018.

இன்னொரு வழியும் உண்டு. உருளையையும் கிண்ணங்களையும் அழுத்தக் கலன் செய்யும் பட்டறையிலேயே ஒட்டி, சோதித்து, சான்றோடு வாங்கிவிடுங்கள். அவர்கள் நீள இணைப்பையும் சுற்று இணைப்பையும் தூளுக்கு அடியில் ஆர்க் எரியும் ‘சப்மெர்ஜ்டு ஆர்க்’ மெஷினில் போடுவார்கள். அந்தச் சீருக்குக் கையால் போட்டி போட முடியாது. வளையமும் கோபுரமும் நீங்கள் வைக்கலாம்.

வட்டமானி

இதில் எனக்குச் சற்று மாற்றுக் கருத்து. அந்தப் பட்டறைகள் உள் அழுத்தத்துக்குச் செய்து பழகியவை. உள் அழுத்தம் கோணலை நிமிர்த்தும், வெளி அழுத்தம் கோணலை வளர்க்கும். வட்ட வரம்பை 2.5 மி.மீ. என்று எழுத்தில் கேட்டு வாங்காவிட்டால் அழகான வெல்டோடு முட்டை வடிவக் கூடு வந்து சேரும்.

பழம்பட்டறை

எழுத்தில் கேட்கச் சொல்வது சரி. அதற்காக வீட்டில் வைத்தால் வட்டம் தானாக வந்துவிடுமா?

காற்றோட்டம்

கூட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, வாசனை கிடையாது. கூட்டின் அடியில் குளம் போலத் தேங்கி மூச்சை நிறுத்தும், முன்னறிவிப்பு தராது. டிக் டார்ச்சையோ எரிவாயு டார்ச்சையோ சாப்பாட்டு இடைவேளையில் உள்ளே விட்டுவிட்டு வராதீர்கள். புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, ஆக்சிஜன் அளவி, வெளியே எந்நேரமும் ஓர் ஆள். காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் உருளையைத் திறந்துவிட்டால் உடை தீப்பிடித்துக்கொள்ளும். வியர்வையில் நனைந்து இரும்புக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஆர்க் எரியாதபோது மெஷினில் இருக்கும் வெற்று மின்னழுத்தமே ஆளைக் கொல்லப் போதும். அதைக் குறைக்கும் வசதி உள்ள மெஷினா என்று பாருங்கள். கடைசியாக, கசிவு சோதிக்கிறேன் என்று கூட்டுக்குள் காற்றை அதிக அழுத்தத்தில் அடைக்கக் கூடாது. உடைந்தால் அது வெடிகுண்டு.

நீர்க்காக்கை

முடிவு செய்துவிட்டேன். உருளையும் கிண்ணங்களும் வட்ட வரம்பை எழுதிக்கொடுத்துப் பட்டறையில். வளையம், கோபுரம், குழாய் முனைகள் என் கையால், 7018-இலும் டிக்கிலும். மிதவைத் தொட்டிகளுக்குச் சுருள்கம்பி நண்பரிடம்தான் கேட்பேன். முதல் இறக்கம் ஆள் இல்லாமல், கயிற்றில் கட்டி, 75 மீட்டருக்கு.

இதற்கிடையில் அதே 10 மி.மீ. தகட்டில் ஒரு மாதிரி ஒட்டி, பட்டைகளாக வெட்டி வளைத்துப் பார்த்தேன். முகப்பக்கம் வளைத்த பட்டை சுத்தம். அடிப்பக்கம் வளைத்ததில் ஓரிடத்தில் 2 மி.மீ. அளவுக்கு ஒரு திறப்பு.

ஒலிச்சோதனை

3 மி.மீ. வரை விதி அனுமதிக்கும், ஆகவே தேர்ச்சிதான். அந்தத் திறப்பு ராடு மாற்றிய இடத்தில் விழுந்ததா?

நீர்க்காக்கை

ஆமாம், அங்கேதான்.

பழம்பட்டறை

புது ராடை நின்ற இடத்திலேயே தொட்டுத் தொடங்கியிருக்கிறீர்கள். நின்ற குழிக்கு ஒரு விரல்கடை முன்னால் ஆர்க்கைப் பிடித்து, பின்னே வந்து குழியை நிரப்பி, அதன்பின் முன்னே போக வேண்டும். ஆர்க் பிடித்த தடத்தின் மேலேயே வரி போய்விடுவதால் அதுவும் உருகிச் சேர்ந்துவிடும். நீளமான மாதிரி ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே பாதி ராடில் நிறுத்தி நிறுத்தி ஒட்டிப் பாருங்கள். பட்டைகளை அந்த நிறுத்தங்களின் மேலேயே வெட்டுங்கள். அத்தனையும் சுத்தமாக வளைந்த பிறகு கோபுரத்துக்குத் தகடு வெட்டலாம்.